படங்களை நீள அகலப்படி அடுக்கச் சொன்னால் ஃபைல் மேனேஜர் ஏன் திணறுகிறது?

ஒரு ஃபோல்டரில் 5,000 படங்கள் கிடக்கின்றன. கேமராவில் எடுத்தவை, வாட்ஸப்பில் வந்தவை, ஸ்க்ரீன்ஷாட்டுகள், எப்போதோ இறக்கி வைத்த வால்பேப்பர்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. இதில் ஆல்பம் அச்சடிக்கத் தேறும் பெரிய படங்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். பெயர்ப்படி அடுக்கச் சொன்னால் கண்சிமிட்டும் நேரத்தில் அடுக்கிவிடுகிறது. தேதிப்படி கேட்டாலும் அப்படியே. நீள அகலப்படி கேட்டால்தான் சிக்கல். சில ஃபைல் மேனேஜர்களில் அந்த வசதியே இருக்காது. இருக்கும் இடத்திலும் நெடுவரிசை காலியாகக் கிடந்து, ஒவ்வொரு எண்ணாக மெல்லத் தலைகாட்டும். கடைசியில் வந்து சேரும் வரிசையும் நாம் நினைத்த வரிசையாக இருப்பதில்லை.

பலர் இதற்குச் செய்யும் மாற்று ஏற்பாடு, கேபி, எம்பி கணக்கில் அடுக்குவது. பெரிய படம் என்றால் அதிக எம்பி இருக்கும் என்ற நம்பிக்கை. அது பாதிதான் பலிக்கும். 1920×1080 திரையில் வெறும் எழுத்தும் வெள்ளைப் பின்னணியும் இருந்தால் அதன் ஸ்க்ரீன்ஷாட் சில பத்து கேபிக்குள் அடங்கிவிடும். அதே 1920×1080-இல் புல்வெளியைப் படமெடுத்தால் ஒரு எம்பியைத் தாண்டலாம். இரண்டும் விரித்துப் பார்க்கும்போது பிக்சலுக்கு 3 பைட் வீதம் சுமார் 62 லட்சம் பைட் தான். சுருக்கி வைக்கும் விதமும், படத்தில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்பதுமே கோப்பின் பைட் கணக்கைத் தீர்மானிக்கின்றன. ஆகவே எம்பியை வைத்துப் பிரித்தால், நல்ல படங்கள் சில கீழே போய்விடும். உயர் தரத்தில் சேமித்த சின்னப் படங்கள் சில மேலே வந்து உட்காரும்.

வாட்ஸப் வழியாக வந்தவற்றுக்கு இது இன்னும் முக்கியம். வழக்கமான முறையில் அனுப்பினால் படம் சுருங்கித்தான் வந்து சேரும். பெயர் மாறியிருக்கும். எடுத்த தேதி, கேமரா விவரம் எதுவும் உள்ளே மிஞ்சாது. மூலப்படத்தையும் அதன் வாட்ஸப் நகலையும் பிரித்தறியப் பெரும்பாலும் மிஞ்சும் நம்பகமான அடையாளம் பிக்சல் கணக்குதான்.

சரி, கணினிக்கு இதில் என்ன கஷ்டம்?

பெயர், பைட் கணக்கு, மாற்றிய தேதி இவையெல்லாம் கோப்புக்கு வெளியே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமை என்றால் அந்த வட்டுப் பகுதி முழுவதற்கும் ஒரு முதன்மைக் கோப்பு அட்டவணை உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 என்றால் ஐநோடு என்ற சிறு பதிவு கோப்புக்கு ஒன்றாக இருக்கும். ஃபைல் மேனேஜர் அந்தப் பதிவுகளைப் புரட்டினால் போதும். கோப்பைத் திறக்க வேண்டியதே இல்லை. ஆனால் அந்தப் பதிவில் "இது 4000 பிக்சல் அகலம்" என்று எழுத இடமே கிடையாது. கோப்பு முறைமையைப் பொறுத்தவரை திருமணப் படமும் சம்பளப் பட்டியலும் ஒன்றுதான், இத்தனை பைட்டுகள், அவ்வளவே. நீள அகலம் படத்தின் உள்ளடக்கத்தில் ஒரு பகுதி. அதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு கோப்பையும் திறந்தாக வேண்டும். இந்தத் தலைப்பில் வரும் எரிச்சல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்தவை.

எவ்வரிதிங் என்ற விண்டோஸ் தேடல் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு இது கண்ணெதிரே தெரியும். அது என்டிஎஃப்எஸ் அட்டவணையை நேரடியாகப் படித்து வைத்துக்கொள்வதால், பல லட்சம் கோப்புகளுக்கு நடுவே ஒரு பெயரைத் தட்டத் தட்ட விடை வந்து நிற்கும். அதே கருவியின் 1.4 பதிப்பில் படத்தின் அகலத்தை வைத்துத் தேடிப் பாருங்கள், குதிரை கழுதையாகிவிடும். அகலம் அந்த அட்டவணையில் இல்லாததால் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்க்கிறது. கருவி அதேதான். தகவல் இருக்கும் இடம்தான் வேறு.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு முள் நகர்ந்து படிக்க ஏறக்குறைய 10 மில்லி நொடி. 10,000 படங்கள் என்றால் 100 நொடி. அதுவும் ஒரு படத்துக்கு ஒரே தாவலில் வேலை முடிந்தால். எஸ்எஸ்டியில் இதே வேலை ஓரிரு நொடியில் முடியும். நெட்வொர்க் வழியாக இணைத்த டிரைவில் ஒவ்வொரு திறப்புக்கும் போய்வரும் நேரம் சேர்ந்துகொள்ளும். அங்கே பொறுமை வேண்டும்.

திறந்தால் மட்டும் போதுமா? எங்கே பார்ப்பது என்றும் தெரிய வேண்டும். இதில் ஒவ்வொரு படக்கோப்பு வடிவத்துக்கும் (ஃபார்மேட்) ஒரு குணம்.

பிஎன்ஜி மிக நல்ல பிள்ளை. முதல் 8 பைட் அடையாளக் குறி. அடுத்த 8 பைட், பின்னால் வரும் முதல் துண்டின் நீளமும் பெயரும். அதற்கடுத்த 4 பைட் அகலம், அப்புறம் 4 பைட் உயரம். ஆக 24 பைட் படித்தால் வேலை முடிந்தது. மீதி 5 எம்பியைத் தொடவே வேண்டாம். ஜிஃப் இன்னும் சிக்கனம்: 6 பைட் குறிக்குப் பிறகு ஆளுக்கு 2 பைட், மொத்தம் 10 பைட்டில் விவகாரம் முடிந்துவிடும். ஆனால் 2 பைட்டில் 65,535-க்கு மேல் எழுத முடியாது. 1987-இல் அந்த வடிவத்தை வகுத்தபோது அது எட்டாத உயரமாகத்தான் தெரிந்திருக்கும்.

ஜேபெக்கில் அப்படிக் குறிப்பிட்ட இடம் என்று எதுவும் இல்லை. கோப்பு முழுக்கப் பகுதி பகுதியாக அமைந்திருக்கும். ஒவ்வொரு பகுதியும் 255 என்ற பைட்டில் தொடங்கி, அடுத்த பைட்டில் தான் யார் என்று சொல்லும். அதற்கடுத்து அந்தப் பகுதியின் நீளம். நீள அகலம் இருப்பது 192 என்ற எண் கொண்ட பகுதியில். படிப்படியாகத் தெளிவாகும் வகைப் படம் என்றால் 194. அந்த இடத்தை அடையும்வரை ஒவ்வொரு பகுதியாகத் தாண்டிக்கொண்டே போக வேண்டும். நடுவில் கேமரா விவரங்கள் அடங்கிய எக்ஸிஃப் பகுதி, வண்ணக் குறிப்புப் பகுதி, எடிட்டிங் மென்பொருள் எழுதிய குறிப்புகள் எல்லாம் நிற்கும். ஒவ்வொன்றும் 64 கேபி வரை நீளலாம். 192 முதல் 207 வரை எல்லாமே நீள அகலப் பகுதிதான் என்று எண்ணினால் அதுவும் தப்பு. 196, 200, 204 மூன்றும் வேறு வேலைக்கானவை. எல்லாம் தாண்டி வந்து சேர்ந்தால், முதலில் உயரம் எழுதியிருக்கும், பிறகு அகலம். மற்ற வடிவங்கள் பலவற்றுக்கு நேர்மாறு.

எக்ஸிஃப் பகுதிக்குள் இரண்டு பொறிகள் உண்டு. கேமராக்கள் அதற்குள்ளேயே 160×120 அளவில் ஒரு குட்டிப் படத்தையும் ஜேபெக்காகவே வைக்கின்றன. அந்தக் குட்டிக்கும் தனக்கென ஒரு 192 பகுதி இருக்கும். பகுதி பகுதியாகத் தாண்டாமல், கோப்பில் முதலில் கண்ணில் படும் 255, 192 ஜோடியைப் பிடித்துக்கொள்ளும் அவசர நிரல், 12 மெகாபிக்சல் படத்தை 160×120 என்று சொல்லிவிடும். இரண்டாவது பொறி, எக்ஸிஃபிலேயே அகலம், உயரம் என்று தனியாக எழுதும் வழக்கம். ஓரத்தை வெட்டிச் சேமிக்கும் ஒரு மென்பொருள் எக்ஸிஃபைத் திருத்த மறந்தால், படம் 1200 பிக்சலாகச் சுருங்கியிருக்கும். குறிப்போ இன்னும் 4000 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு மென்பொருள்கள் ஒரே படத்துக்கு இரண்டு அளவு காட்டினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஐஃபோனின் ஹெய்க் வடிவம் இதை வேறு வகையில் சிக்கலாக்குகிறது. 4032×3024 படம் ஒன்று உள்ளே 512×512 ஓடுகளாக, அகலவாட்டில் 8, உயரவாட்டில் 6 என 48 துண்டுகளாக இருக்கும். ஓட்டின் அளவும் கோப்பில் எழுதியிருக்கும், ஒட்டிய முழுப் படத்தின் அளவும் எழுதியிருக்கும். எது எதற்கு உரியது என்று பிரித்தறியாத நிரலுக்கு உங்கள் ஐஃபோன் படங்கள் எல்லாமே 512×512. ஸ்கேன் செய்த டிஃப் கோப்புகளில் நீள அகலக் குறிப்பு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், கோப்பின் கடைசியிலும்கூட. தவிர ஒரே டிஃபில் பல பக்கங்கள் இருந்து, பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறலாம். எஸ்விஜி என்றால் கேட்கவே வேண்டாம். அது கோடுகளின் விவரிப்பு; பிக்சல் என்பதே அதில் கிடையாது. நெடுவரிசையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஃபைல் மேனேஜரைக் குறை சொல்ல முடியாது.

ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறப்பதற்குப் பதில், ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் குறித்து வைத்துக்கொண்டால் என்ன? இந்த யோசனைக்கு நெடிய வரலாறு உண்டு. 1990-களின் பீஓஎஸ் (BeOS) இயங்குதளத்தில் டொமினிக் ஜியாம்பாவ்லோவும் சிரில் மெரியோனும் உருவாக்கிய கோப்பு முறைமை இதை அடியிலிருந்தே யோசித்தது. கோப்பின் பெயர், தேதியோடு நாம் விரும்பும் எந்தப் பண்பையும் கோப்பு முறைமையிலேயே ஒட்டி வைக்கலாம். அதற்கு அட்டவணை போடலாம். கேள்வி கேட்டுத் தேடலாம். மின்னஞ்சல்களைக்கூடத் தனித்தனிக் கோப்பாக வைத்து, அனுப்பியவர் பெயரை அப்படி ஒட்டியிருந்தார்கள். சந்தையில் அந்தத் தளம் நிற்கவில்லை. ஜியாம்பாவ்லோ பிறகு ஆப்பிளில் சேர்ந்து ஸ்பாட்லைட் தேடலில் பணியாற்றினார். 2005-இல் மேக் ஓஎஸ் 10.4-உடன் வந்த ஸ்பாட்லைட், கோப்பு முறைமையை மாற்றாமல் அதன் பக்கத்தில் ஒரு தனித் தகவல் களஞ்சியத்தை வைத்தது. மைக்ரோசாஃப்ட் 2003-இல் வின்எஃப்எஸ் என்று இதே நோக்கிலான ஒரு பெரிய திட்டத்தைக் காட்டி, 2006-இல் கைவிட்டது. அதற்குப் பதிலாக விண்டோஸ் விஸ்டாவில் வந்து நின்றதும் ஸ்பாட்லைட்டைப் போன்ற ஏற்பாடுதான்: பக்கத்தில் ஒரு தேடல் அட்டவணை, கோப்பு வகைக்கு ஏற்பத் தகவலை எடுத்துத் தரும் சிறு நிரல்கள்.

இரண்டு பெரிய நிறுவனங்களும் கோப்பு முறைமைக்குள் போகாமல் வெளியே அட்டவணை வைத்ததில் நியாயம் உண்டு. பென்டிரைவில் நகல் எடுத்தாலும், ஜிப் போட்டாலும், மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஒட்டி வைத்த பண்புகள் உதிர்ந்துவிடும். உள்ளடக்கம் மட்டும்தான் பயணப்படும். ஆனால் வெளியே வைத்ததற்கும் விலை உண்டு. அட்டவணை சேராத இடத்தில் கணினி மறுபடியும் ஒவ்வொரு கோப்பாகத் திறக்கும் பழைய வேலைக்குத் திரும்பிவிடுகிறது. விண்டோஸில் இயல்பாக உங்கள் பயனர் ஃபோல்டர்கள் அட்டவணையில் சேரும்; நேற்று செருகிய வெளி ஹார்ட் டிஸ்க் சேராது. பெரிய படத் தொகுப்புகள் எங்கே இருக்கும்? பெரும்பாலும் அந்த வெளி டிஸ்கில்தான்.

ஃபோனில் இந்தத் தொல்லை குறைவாகத் தெரிவதற்குக் காரணமும் இதுவே. ஆண்ட்ராய்டின் மீடியாஸ்டோர் ஒரு தரவுத்தளம். அதில் ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் என்று தனி நெடுவரிசையே உண்டு. கேலரி செயலி படத்தைத் தொடாமல் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

லினக்ஸ் பக்கம் ஒரு சுவையான அரைகுறைத் தீர்வு இருக்கிறது. சிறுபடங்களை (தம்ப்நெயில்) சேமித்து வைப்பதற்கான பொது விதிமுறையில், அந்தச் சிறுபடக் கோப்புக்குள் மூலப்படத்தின் முகவரியையும் மாற்றிய நேரத்தையும் கட்டாயம் எழுத வேண்டும்; மூலப்படத்தின் அகல உயரத்தை விரும்பினால் எழுதலாம். விரும்பினால்! கட்டாயமாக்கியிருந்தால், சிறுபடம் தயாராகும்போதே நீள அகலத் தகவலும் எல்லா ஃபைல் மேனேஜர்களுக்கும் இலவசமாகக் கிடைத்திருக்கும்.

இனி வரிசைக்கு வருவோம். பெயரும் தேதியும் ஒற்றை மதிப்புகள். ஒன்றுக்கு முன் ஒன்று என்று அடுக்கலாம். நீள அகலம் இரண்டு எண்கள். நான்கு படங்களை எடுத்துக்கொள்வோம்: கேமராப் படம் 4000×3000, வால்பேப்பர் 3840×2160, ஃபோன் ஸ்க்ரீன்ஷாட் 1080×2400, நீளவாட்டில் தைத்த பனோரமா 6000×1000. அகலப்படி அடுக்கினால் பனோரமா முதலிடம், ஸ்க்ரீன்ஷாட் கடைசி. உயரப்படி அடுக்கினால் பனோரமா கடைசி, ஸ்க்ரீன்ஷாட் இரண்டாமிடம். மொத்தப் பிக்சல்படி பார்த்தால் கேமராப் படம் 1.2 கோடியுடன் முதலிடம், பனோரமா 60 லட்சத்துடன் மூன்றாமிடம். மூன்றும் சரியான வரிசைதான். "பெரியது" என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது வேலையைப் பொறுத்தது. வால்பேப்பர் தேடுபவருக்கு அகலமும் விகிதமும் வேண்டும். அச்சுக்குக் குறுகிய பக்கம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். இடத்தைக் காலி செய்ய நினைப்பவருக்கு இவை எதுவும் வேண்டாம், எம்பி போதும்.

நீள அகலத்தைச் சேர்த்து ஒரே நெடுவரிசையில் காட்டும்போது இன்னொரு வம்பு. "1024 x 768" என்பதை எழுத்துகளாக எண்ணி அடுக்கும் கருவி, அதை "640 x 480"-க்கு முன்னால் வைக்கும், ஏனென்றால் 1 என்ற எழுத்து 6-க்கு முந்தியது. எண்ணாக எடுத்துக்கொண்டாலும் முதலில் நிற்கும் அகலம்தான் ஆட்சி செய்யும். அதனால் இரண்டும் கிடைத்தால் அகலம், உயரம் என்ற தனி நெடுவரிசைகளையே நான் தேர்ந்தெடுப்பேன். விண்டோஸில் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: எக்ஸ்ப்ளோரர் தரும் அந்தச் சேர்ந்த மதிப்பின் முன்னும் பின்னும் எழுத்து ஓடும் திசையைச் சொல்லும், கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டியிருக்கும். பார்க்க ஒன்றாகவே இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. தலையைப் பிய்த்துக்கொள்ளும் முன் அதை நினைவில் கொள்ளுங்கள்.

இது போதாதென்று படத்தின் திசைச் சிக்கல் வேறு. ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தைக் கேமரா பெரும்பாலும் திருப்பிச் சேமிப்பதில்லை. சென்சார் படுக்கைவாட்டில் பார்த்தபடியே 4000×3000 என்று எழுதிவிட்டு, எக்ஸிஃபில் "காட்டும்போது திருப்பிக் காட்டு" என்று 1 முதல் 8 வரையிலான எண் ஒன்றைக் குறித்து வைக்கும். 6 என்றால் வலப்பக்கமாகக் கால் சுற்று. திரையில் நிமிர்ந்த படம் தெரியும்; பட்டியலில் அகலம் 4000 என்று இருக்கும். "உயரம் அகலத்தைவிட அதிகம்" என்று வடிகட்டி நிமிர்ந்த படங்களைப் பிரிக்க முயன்றால் இவை வலையில் சிக்காது. இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியின் விவரக் கட்டளை சேமித்தபடியே அளவைச் சொல்கிறது; படம் காட்டும் மென்பொருள்கள் சில திருப்பிய பிறகுள்ள அளவைச் சொல்கின்றன. நீண்ட பக்கம், குறுகிய பக்கம் என்று கேட்டால் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் பெரும்பாலான ஃபைல் மேனேஜர்கள் அப்படிக் கேட்க இடம் தருவதில்லை.

எங்கே என்ன கிடைக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் விவரப் பட்டியலாக மாற்றி, நெடுவரிசைத் தலைப்பில் வலது கிளிக் செய்தால் சேர்ந்த அளவு, அகலம், உயரம் மூன்றையும் சேர்க்கலாம். தேடல் பெட்டியில் அகலத்துக்கான ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, பெரிது என்ற குறி, பிறகு எண் என்று தட்டினால் வடிகட்டும். மேக்கின் ஃபைண்டரில் தேடலைத் தொடங்கி, நிபந்தனைப் பட்டியலில் "மற்றவை" என்பதற்குள் போனால் பிக்சல் அகலமும் பிக்சல் உயரமும் இருக்கும். அந்தத் தேடலைச் சேமித்தும் வைக்கலாம். லினக்ஸில், கேடிஇ மேசைச்சூழலின் ஃபைல் மேனேஜரான டால்ஃபினில் படம் என்ற பிரிவுக்குள் இந்த நெடுவரிசைகள் உண்டு, பின்னணியில் பலூ என்ற அட்டவணை நிரல் ஓடிக்கொண்டிருந்தால். க்னோம் மேசைச்சூழலின் ஃபைல்ஸில் பண்புகள் சாளரத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், பட்டியலில் இயல்பாக வராது.

அச்சு வேலைக்கான கணக்கு இப்படி வரும். 4×6 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 1200×1800 பிக்சல். ஏ4 முழுப் பக்கம் என்றால் 2480×3508. எக்ஸ்ப்ளோரரில் குறுகிய பக்கம் என்று கேட்க வழியில்லாததால் நிபந்தனையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: அகலம் 1800-க்குக் குறையாமலும் உயரம் 1200-க்குக் குறையாமலும் இருப்பவை, அல்லது அகலம் 1200-க்கும் உயரம் 1800-க்கும் குறையாதவை. கோப்பின் பண்புகளில் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்று 72 அல்லது 300 போன்ற ஓர் எண் தெரியும். இந்த வேலைக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம். பிக்சல் எதையும் தொடாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றி எழுதிவிட முடியும்.

வெளி டிஸ்கில் பல்லாயிரம் படங்கள் வைத்திருப்பவர்கள் ஃபைல் மேனேஜரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. டிஜிகேம் போன்ற படத் தொகுப்பு மென்பொருள் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத் தன் தரவுத்தளத்தில் ஏற்றிக்கொள்ளும். பிறகு அகல உயரத் தேடல் உடனுக்குடன் நடக்கும். கட்டளை எழுத அஞ்சாதவர்களுக்கு எக்ஸிஃப்டூல் என்ற கட்டளைக் கருவி போதும். நிபந்தனை கொடுத்துப் பட்டியல் எடுக்கலாம், மெகாபிக்சலைக் கணக்கிட்டுத் தரும், அளவைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துப் பெயர் மாற்றவும் செய்யும். பெயரில் ஏறிவிட்டால் அப்புறம் எந்தக் கணினியில் செருகினாலும், எந்த ஃபைல் மேனேஜரும் கோப்பைத் திறக்காமலே அதை அடுக்கிவிடும். எண்களை மட்டும் 01080, 04000 என்று முன்னால் சுழியம் போட்டு ஒரே நீளத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.